எல்லோரும் கண்டார்கள், எதை என்று மட்டும் சொல்லவிடவில்லை

சமகால இசைக்குழுக்களுக்கு நிகழ்ச்சி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் உங்கள் கோட்டை நான் பல தடவை கையில் வாங்கியிருப்பேன். சுவிஸ் நாட்டின் பாசல் நகரில், இசை மண்டபங்களின் கார்டரோபேயில், அதாவது கோட்டும் குடையும் வாங்கி வைக்கும் இடத்தில், 16 வருடமாக மாலை நேர வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் ஈரக் கோட்டு, கோடையில் குடை. கச்சேரி தொடங்கிக் கதவைச் சாத்தியதும் எங்களில் ஒருவர் உள்ளே போய்ப் பின்சுவரோடு நின்று கேட்கலாம். மற்றவர் கோட்டுகளுக்குக் காவல். என்னோடு வேலை செய்கிறவருக்குப் புது இசை என்றால் பல்வலி மாதிரி. அதனால் புது இசை இரவுகளில் உள்ளே நிற்கும் முறை எப்போதும் எனக்கே வந்தது. நான் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பின்சுவர்தான்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மனில் எழுத உட்கார்ந்தால் நான் அளவுக்கு மீறி மரியாதைக்காரனாகிவிடுகிறேன். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. முதலில் என் மொழியில் சொல்லி முடிக்கிறேன். மகள் அதை ஜெர்மனில் மாற்றித் தருவாள். இடையில் வாசிக்கிற தமிழர்கள் வாசித்துக்கொள்ளட்டும். இந்த நகரத்து டிராமில் தினமும் போய்வரும் நம்மவர்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு மண்டபத்தில் ஒரு கச்சேரி. எந்த மண்டபம், எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. இதே தவறு பல இடங்களில் நடக்கிறது. விளக்கை முழுவதும் அணைத்தார்கள். இருட்டில் மேல் மாடத்திலிருந்து நான்கு ஆண் குரல்கள். பெரோத்தின் என்பவர் 800 வருடத்துக்கு முன் பாரிஸில் நான்கு குரலுக்கு அமைத்த 'விதேருந்த் ஓம்னேஸ்'. நான் அதை இசைத்தட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆட்கள் நேரில் நின்று பாட அன்றுதான் முதல் தடவை கேட்டேன். மூன்று, நான்கு நிமிடம் போயிருக்கும். குரல்கள் அடங்கின. அடுத்த கணமே மேடையில் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது, வயலின்காரர்கள் வில்லை எடுத்தார்கள், 'உண்மையான' நிகழ்ச்சி ஆரம்பமானது. பாடியவர்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. கடைசியில் தலைகுனிந்து கைதட்டல் வாங்கக்கூட வரவில்லை. அவர்களை முன்னமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த இலத்தீன் சொற்களின் பொருளைச் சொல்லிவிட்டால் என் ஆற்றாமை உங்களுக்குப் புரியும். விதேருந்த் என்றால் கண்டார்கள். ஓம்னேஸ் என்றால் எல்லோரும். எல்லோரும் கண்டார்கள். எதைக் கண்டார்கள்? பூமியின் கடைக்கோடிகள் எல்லாம் நம் கடவுளின் மீட்பைக் கண்டன என்று 98 ஆம் சங்கீதம் தொடர்கிறது. கிறிஸ்துமஸ் பூசையில் பாடும் பாட்டு அது. உங்கள் ஆட்கள் 'எல்லோரும் கண்டார்கள்' என்ற இரண்டு சொல்லோடு பாட்டை வெட்டிவிட்டார்கள். எதை என்று சொல்லவிடவில்லை.

வெட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் கவனியுங்கள். பெரோத்தின் முழுப் பாட்டையும் நான்கு குரலுக்கு எழுதவில்லை. தனிப்பாடகர்களுக்கு உரிய பகுதிகளை மட்டுமே அப்படி விரித்தார். மிச்சத்தை முழுப் பாடகர் கூட்டமும் பழைய ஒற்றைக் குரல் மெட்டில் பாட வேண்டும். அந்த மாளிகைபோல் எழும்பிய இரண்டு சொல் முடிந்ததும், சாதாரண மெட்டில், எல்லோரும் ஒரே குரலாக, மிச்ச வசனத்தைச் சட்டென்று சொல்லிக்கொண்டு போவார்கள். அப்புறம் மறுபடி நான்கு குரல், மறுபடி ஒற்றைக் குரல். மலையேறி இறங்கி ஏறி இறங்குகிற கட்டுமானம். முழுதாகப் பாடினால் ஏறக்குறைய 12 நிமிடம். நீங்கள் தந்தது முதல் ஏற்றம் மட்டும். ஏறியவர்களை உச்சியில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிட்டீர்கள்.

இடைவேளையில் ஒரு பெரியவர் கோட்டை வாங்க வந்தார். போகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, வெளியே நின்று புகைக்கத்தான். அவர் என்னிடம் கேட்டார்: "அந்த முதல் பாட்டில் என்ன சொல்லிப் பாடினார்கள்?" நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். வயலின் படைப்புக்கு இரண்டு பக்கம், அதை எழுதியவரின் படம், அவர் வாங்கிய பரிசுகளின் வரிசை. பெரோத்தினுக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ஆண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. சொற்களும் இல்லை, பொருளும் இல்லை. நான் கோட்டு எண் எழுதிய துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இது என் வேலையில்லை. உங்கள் வேலை.

என் வழக்கு இவ்வளவுதான்: பழைய பாட்டை ஊதுபத்தியாகக் கொளுத்தாதீர்கள். முக்கியமானவர் வருவதற்கு முன் அறைக்குள் கொஞ்சம் மணம் ஏற்றி வைக்கிற வேலைக்கு அது பிறக்கவில்லை. நீங்கள் வாசிக்கிற புதுப் படைப்பு எவ்வளவு கடினமோ, எவ்வளவு விடாப்பிடியோ, அதுவும் அவ்வளவு கடினம், அவ்வளவு விடாப்பிடி. பக்கத்தில் வைப்பதானால் சம ஆளாக வையுங்கள்.

பெரோத்தினின் காலத்தில் இது எவ்வளவு புதிது என்பதை நினைத்துப் பாருங்கள். பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்துக்கு 1163 இல் கல் நாட்டினார்கள். 1198 இல் கட்டடம் இன்னும் முடியவில்லை. அந்த வருடம் பாரிஸ் ஆயர் யூத் த சுல்லி ஓர் ஆணை போட்டார். ஜனவரி முதல் தேதி விழாவில் இளம் குருமார் போட்ட கூத்தும் கும்மாளமும் அளவு மீறிவிட்டன. அதை அடக்கி, சில பாடல்களை மூன்று குரலிலோ நான்கு குரலிலோ பாடலாம் என்று அனுமதி கொடுத்தார். பெரோத்தினின் நான்கு குரல் பாட்டுகள் அதை ஒட்டியே பிறந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கூரை வேலை நடந்துகொண்டிருக்கிற கட்டடத்துக்குள், அதுவரை யாரும் கேட்டிராத அளவு பெரிய ஒலியை ஒருவர் கட்டுகிறார். அவர் பெயர்கூட நமக்கு ஒரு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட குறிப்பிலிருந்துதான் தெரியும். அதை எழுதியவரின் பெயரோ யாருக்கும் தெரியாது. 'பெயரற்றவர் நான்கு' என்று ஆய்வாளர்கள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டரோபேயில் நிற்கிறவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

அந்தப் பாட்டில் உள்ளபடி நடப்பது என்ன? அடியில் இருக்கிற குரல் பழைய மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். 'வி' என்ற ஒரு எழுத்து முடிந்து அடுத்த எழுத்து வருவதற்குள், ஒருவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிவிடலாம். மேலே மூன்று குரல்கள் நெடில் குறில், நெடில் குறில் என்று ஒரே நடையில் சுற்றிச் சுற்றி ஓடும். ஒருவர் பாடிய துண்டை இன்னொருவர் எடுத்துக்கொள்வார், அவர் விட்டதை மூன்றாமவர் எடுத்துக்கொள்வார். தமிழ்க் காதுக்கு முதலில் இது தம்புரா மேல் அகாரம் பாடுவது போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகுதான் தவறு புரிந்தது. தம்புரா நகராது, இந்த அடிக்குரல் நகரும். வெகுநேரம் நின்றுவிட்டு ஒரு படி நகரும்போது தரையே நகர்ந்த மாதிரி இருக்கும். மேலே ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் வேறு ஊரில் இறங்கிவிடுவார்கள். 12 நிமிடமும் பாடினால்தான் இந்த நகர்வுக்குக் காது பழகும். மூன்று நிமிடத்தில் அது வெறும் புகைமூட்டம்.

இதற்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஸ்டீவ் ரைஷ் 1970 இல் எழுதிய 'ஃபோர் ஓர்கன்ஸ்' இருக்கிறது. நான்கு மின் ஓர்கன், விடாமல் குலுக்குகிற மரக்காஸ், ஒரே ஒரு சுரக்கூட்டு. முதலில் சின்னத் தட்டாக வரும் அந்தக் கூட்டு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு நீண்டு, கடைசியில் நின்ற இடத்திலேயே நிற்கும். 1973 இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் இதை வாசித்தபோது கூட்டம் கத்தி ரகளை பண்ணியது. அதே மனிதர் 1995 இல் எழுதிய 'புரவர்ப்' மூன்று சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), இரண்டு டெனர் (உயர்ந்த ஆண்குரல்), உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் இரண்டு வைப்ரஃபோன், இரண்டு மின் ஓர்கனுக்கானது. பெரோத்தினுக்குத் தான் கடன்பட்டிருப்பதை அவரே சொல்லியிருக்கிறார். அதன் வாசகம் தத்துவவாதி விட்கன்ஸ்டைனின் ஒற்றை வரி: ஒரு முழு வாழ்க்கையை நிரப்ப எவ்வளவு சின்ன எண்ணம் போதும் என்பது அதன் கருத்து.

இரண்டில் நான் முதலாவதைத்தான் கேட்பேன். 'புரவர்ப்' அழகான படைப்பு. ஆனால் அது பெரோத்தினை நினைவுபடுத்திக்கொண்டு வருகிறது, அவருக்குப் பக்கத்தில் பேரப்பிள்ளை போல உட்கார்கிறது. 'ஃபோர் ஓர்கன்ஸ்' யாரையும் நினைவுபடுத்துவதில்லை. அது முரட்டுப் பிள்ளை. பெரோத்தினை முழுதாகக் கேட்டுவிட்டு உடனே அதைக் கேட்டால், ஒரு ஒலியை இழுத்துப் பிடித்தால் நேரம் என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வியை இரண்டு பேரும் கையில் எடுத்திருப்பது தெரியவரும். அப்புறம் பெரோத்தினைத் திரும்ப ஒரு தடவை பாடவையுங்கள். ஆமாம், அதே பாட்டை, அதே இரவில். நான் கேட்கிறவற்றில் உங்களுக்கு மிகவும் வினோதமாகப் படப்போவது இதுதான். ஆனால் புதுப் படைப்பை இரண்டு தடவை வாசிக்கிற வழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே. அந்த மரியாதையை 800 வயதுக்காரருக்கும் காட்டினால் என்ன?

இன்னொரு ஜோடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பிய இடைக்காலத்தில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு மெட்டை இரண்டு குரல்கள் துண்டு துண்டாகப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒருவர் பாடும்போது மற்றவர் வாயை மூடுவார், அவர் மூடும்போது இவர் திறப்பார். அதன் பெயர் ஹோக்கெட். பிரெஞ்சில் ஹோக்கே என்றால் விக்கல். பாட்டு விக்குகிறது. 1320களில் போப் இருபத்திரண்டாம் யோவான் அவிஞ்ஞோன் நகரிலிருந்து விட்ட ஆணையில் இதைக் கடிந்துகொண்டார். பாடகர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், நிற்பதில்லை; காதுக்குப் போதை ஏற்றுகிறார்கள், மருந்தாவதில்லை என்பது அவர் குறை. போப்பின் எரிச்சல் வேலைக்கு ஆகவில்லை. அதே நூற்றாண்டில் ரான்ஸ் பேராலயத்தைச் சேர்ந்த கவிஞரும் இசைஞருமான கியோம் த மஷோ 'ஹோக்கேதுஸ் டாவிட்' எழுதினார். மூன்று குரல், சொல்லே கிடையாது, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் வேகமான விக்கல்.

நெதர்லாந்தின் இசையமைப்பாளர் லூயி அந்திரீசன் 1976 இல் முடித்த படைப்புக்கு அதே பெயர்தான்: 'ஹோக்கேதுஸ்'. ஐந்தைந்து பேராக ஒரே மாதிரி இரண்டு குழுக்கள், மேடையின் இரண்டு பக்கம். பியானோ, மின் பியானோ, பாஸ் கிட்டார், கையால் தட்டும் கொங்கா முரசு, பல குழல்களை வரிசையாகக் கட்டிய பான் குழல். ஒரு பக்கம் அடிக்க, மறு பக்கம் பதில் அடிக்கும். ஒலி மண்டபத்தின் சுவரைத் தள்ளும். கோட்டுக் கம்பியில் தொங்கும் கொக்கிகள் எல்லாம் சேர்ந்து கிணுகிணுத்ததை நான் வெளியே வந்து பார்த்தேன். போப்பின் அந்த வரிகளை நிகழ்ச்சிப் புத்தகத்தில் அந்திரீசனின் பெயருக்குக் கீழே அச்சடியுங்கள். நேற்று வந்த விமர்சனம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். மஷோவைப் பாடுகிறவர்களையும் இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்துங்கள். அப்போதுதான் மெட்டு மண்டபத்துக்குக் குறுக்கே தாவுவது கண்ணுக்கும் தெரியும்.

மஷோவைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஓபோ என்ற குழல் வாத்தியம் வாசிப்பவர், இசையமைப்பவர், இந்த நகரத்தவர் ஹைன்ஸ் ஹோலிகர். 2001 இலிருந்து 2009 வரை மஷோவின் பாட்டுகளை எடுத்து நான்கு குரலுக்கும் மூன்று வயோலாவுக்கும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) ஒரு தொகுதி எழுதினார். அதில் சில இடத்தில் மூலப் பாட்டே அப்படியே வருகிறது. பின்னாலேயே வயோலாக்கள் அதை எலும்பு தெரியும்படி உரித்துக் காட்டுகின்றன. பழையதையும் புதியதையும் எப்படிப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று நீங்கள் கூட்டம் போட்டுக் கதைப்பதற்கு முன் அதை ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். மூன்று வயோலாவும் நான்கு பாடகர்களும்தான்; செலவு என்று நீங்கள் தட்டிக்கழிக்கவும் முடியாது.

சுருதி பற்றி ஒரு வார்த்தை. இதை ஒரு பாடகி கோட்டை மாட்டிக்கொண்டே எனக்கு விளக்கினார். பிறகு நானாகவே தேடிப் படித்தேன். பெரோத்தின், மஷோ காலத்துப் பாடகர்களுக்குச் சுத்தமாக நிற்க வேண்டியது ச-ப உறவு, இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். எல்லாவற்றையும் அதை வைத்தே அளந்தார்கள். அந்தக் கணக்கில் ச-வுக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைவெளி 64-க்கு 81. இயற்கையாக ஒலிக்கிற 4-க்கு 5 என்பதைவிடவும் அகலம், இன்றைய பியானோவின் காந்தாரத்தைவிடவும் சற்று அகலம். ஆகவே அவர்கள் காதுக்கு அந்தக் காந்தாரம் இளைப்பாறும் இடமல்ல. துடித்துக்கொண்டு ஐந்தாம் சுரத்துக்கும் எட்டாம் சுரத்துக்கும் ஓடத் துடிக்கிற இடம். மஷோவின் ஒவ்வொரு முடிவிலும் அந்தத் துடிப்பும் விடுதலையும் கேட்கும்.

இப்போது நீங்கள் செய்வதைப் பாருங்கள். 20 நிமிடம் பியானோவும் வைப்ரஃபோனும் வாசித்து எல்லோருடைய காதையும் ஒரு சுருதிக்குப் பழக்கிவிடுகிறீர்கள். அந்த ஒலி அடங்குவதற்குள், பியானோவில் ஒரு தட்டுத் தட்டிப் பாடகர்களுக்குச் சுருதி கொடுக்கிறீர்கள். பாவம், அவர்கள் பியானோக் காந்தாரத்துக்கு இழுபட்டுப்போகிறார்கள். துடிக்க வேண்டியது துடிப்பதில்லை. எல்லாம் இனிமையாக, தட்டையாகப் போய்விடுகிறது. பிறகு நிகழ்ச்சிப் புத்தகத்தில் 'காலம் கடந்த அமைதி' என்று எழுதுகிறீர்கள். அமைதி அல்ல அது, சுருதி போன கோளாறு. பாடகர்களை முதலில் விடுங்கள். அல்லது நடுவில் அவர்கள் வருவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சும்மா இருப்பதற்கு வாடகை கிடையாது.

அந்த 'காலம் கடந்த அமைதி' என்ற சொல்லோடு எனக்குத் தீராத பகை. அதிகம் அடிபடுகிறவர் ஹில்டெகார்ட். ரைன் ஆற்றங்கரையில், பிங்கனுக்குப் பக்கத்தில் ரூப்பர்ட்ஸ்பெர்க் மடத்தின் தலைவி, 1098 இல் பிறந்தவர். அவர் பாட்டு என்றாலே மெழுகுவர்த்தி, ஊதா விளக்கு, கண்ணை மூடி உட்காருங்கள் என்ற அறிவிப்பு. சரி, அந்தப் பெண்மணி யார் என்று பார்ப்போமே. 1178 இல், ஏறக்குறைய 80 வயதில், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் என்று சொல்லப்பட்ட ஒரு பிரபுவை மடத்துக் கல்லறையில் அடக்கம் பண்ண அனுமதித்தார். அவர் சாவதற்கு முன் திருச்சபையோடு ஒப்புரவாகிவிட்டார் என்பது ஹில்டெகார்டின் வாதம். உடலைத் தோண்டி வெளியே போடு என்றார்கள் மைன்ஸ் நகரத்து மேலிடத்தார். முடியாது என்றார். மடத்தில் பாடுவதற்கே தடை போட்டார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் வாசிக்க மட்டுமே அனுமதி. அதற்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஆதாம் பாவத்துக்கு முன் தேவதூதர்களைப் போலப் பாடும் குரலை உடையவனாக இருந்தான், நாம் பாடுவது அந்தக் குரலைத் தேடித்தான் என்று இசைக்கே ஒரு தத்துவம் எழுதிவிட்டு, தகுந்த காரணம் இல்லாமல் கடவுளின் புகழ்ப்பாட்டை நிறுத்துகிறவர்களுக்கு வானுலகப் பாடகர் கூட்டத்தில் இடம் கிடைக்காது என்று அதிகாரிகளுக்கே எச்சரிக்கை விட்டார். 1179 இல் தடை நீங்கியது. அதே வருடம் செப்டம்பரில் அவர் இறந்தார்.

மேலிடத்துக்கு மடல் எழுதுவதில் எனக்கு அவர்தான் முன்னோடி. அவரைப் போய்த் தூக்க மாத்திரையாக்கிவிட்டீர்களே என்ற வயிற்றெரிச்சலில்தான் பேனா எடுத்தேன். அவருடைய மெட்டுகள் ஒரே மூச்சில் அடியிலிருந்து உச்சிக்குத் தாவுகிறவை. பாடுகிறவரின் தொண்டையைச் சோதிப்பவை. ரஷ்யாவில் வளர்ந்து ஜெர்மனியில் குடியேறிய இசையமைப்பாளர் சோஃபியா குபைதுலினா 1994 இல் ஹில்டெகார்டின் காட்சி விவரிப்பை ஒரே ஒரு தாழ்ந்த பெண்குரலுக்கு எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே பாடகி அடுத்தடுத்து பாடட்டும். விளக்கு எரியட்டும். கண்ணைத் திறந்துகொண்டே கேட்கிறோம்.

ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: "மேலே போட்டுக் கலந்து பாடினால் மக்கள் வாங்கினார்களே?" ஹில்லியர்ட் குழுவின் நான்கு பாடகர்கள் பழைய பாட்டுகளைப் பாட, நார்வேயின் யான் கர்பாரெக் சாக்ஸஃபோனில் மேலே மிதந்த 'ஒஃபிசியும்' என்ற இசைத்தட்டு 1994 இல் வெளிவந்து பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. என் வீட்டிலும் இருக்கிறது. மழை நாளில் போட்டுக் கேட்பேன். அது வேறு வித்தை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கரைப்பது. நான் கேட்பது இரண்டு பாத்திரம். கரைத்துவிட்டால் எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே அங்கே சுகம். பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும்.

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் பற்றியும் ஒன்று. பழைய பாட்டு என்றவுடன் பக்கத்தில் அவரை வைத்துவிடுகிறீர்கள். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய திருச்சபைப் பாட்டையும் நோத்ர் தாம் காரர்களையும் வருடக்கணக்கில் படித்துவிட்டு 1976 இல் தன் புது வழியைக் கண்டுபிடித்தவர். ஆனால் வருடத்துக்கு மூன்று தடவை அதே ஜோடி என்றால், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு இட்லி மாதிரி ஆகிறது.

இனி இந்த நகரத்தைப் பற்றி. நான் கேட்பது வெளியூர்ப் பழக்கமல்ல. இசைக்குழு நடத்துநர் பவுல் சாஹர் 1926 இல், 20 வயதில், பாசல் கம்மர் ஓர்க்கெஸ்டர் என்ற குழுவைத் தொடங்கினார். மொசார்ட்டுக்கு முந்தியதையும் சமகாலத்தையும் வாசிப்பதே அதன் நோக்கம். நடுவில் உள்ள பெரிய நூற்றாண்டைக் கூடியவரை தாண்டிக் குதித்தார். ஹங்கேரியின் பேலா பார்ட்டோக் நரம்பு வாத்தியங்கள், தாளம், செலஸ்டா (மணியோசை தரும் சின்ன விசைப்பலகை வாத்தியம்) ஆகியவற்றுக்கு எழுதிய படைப்பு இங்கேதான் 1937 ஜனவரியில் முதல் தடவை ஒலித்தது. அதே சாஹர் 1933 இல் பழைய இசைக்கென்று ஸ்கோலா கன்டோரும் பள்ளியையும் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஈனா லோர் என்ற பெண்மணி பள்ளியில் பழைய திருச்சபைப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். சாஹரின் குழுவுக்கு நிகழ்ச்சி தொகுப்பதிலும் கைகொடுத்தார். ஒரே ஆள், இரண்டு வேலை. பிறகு சாஹருக்கு மருந்துக் கம்பெனிச் சொத்தில் மணம் அமைந்தது, பணத்துக்குக் குறையே வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் பெயரில் உள்ள ஆவணக் காப்பகம் முன்ஸ்டர் சதுக்கத்தில் இருக்கிறது. ஸ்டீவ் ரைஷின் கையெழுத்துப் படிகளும் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. அங்கிருந்து பழைய இசைப் பள்ளிக்கு நடந்து போகலாம்; நான் நடந்திருக்கிறேன், வழியில் ஒரு காப்பி குடித்தும் அரை மணி ஆகவில்லை. பெரோத்தின் பாடத் தெரிந்த இளைஞர்கள் ஒரு பக்கம், ரைஷின் தாள்கள் மறு பக்கம். நடுவில் நீங்கள் வெளிநாட்டிலிருந்து பாடகர்களை வரவழைத்து மூன்று நிமிடம் பாடவைத்து விமானம் ஏற்றுகிறீர்கள்.

"பழைய இசைக்காரர்கள் புது இசைக்கு வரமாட்டார்கள், அவர்கள் இடைவேளையில் எழுந்து போய்விடுவார்கள்" என்று உங்களில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். இடைவேளையில் யார் எழுந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? கோட்டு என் கையில் அல்லவா இருக்கிறது! நான் கண்டது இது: இசை கடினமாக இருந்ததால் போனவர்கள் குறைவு. என்ன நடக்கிறது என்று தெரியாமல் விட்டதால் போனவர்கள் அதிகம். சொற்களை அச்சடித்துக் கொடுத்து, அதை வாசிக்கும் அளவுக்கு மண்டபத்தில் வெளிச்சமும் விட்ட இரவுகளில், இடைவேளையில் என் கம்பி நிறையவே இருந்தது.

ஆகவே அடுத்த பருவத்தில் ஒரு இரவு கேட்கிறேன், ஒன்றே ஒன்று. பெரோத்தின் முழுதாக, ஒற்றைக் குரல் பகுதிகளோடு. பிறகு 'ஃபோர் ஓர்கன்ஸ்'. இடைவேளை. மஷோவின் விக்கல், உடனே அந்திரீசனின் விக்கல். கடைசியில் திரும்பப் பெரோத்தின். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போகட்டும்.

போன குளிர்காலத்து அந்த இரவைப் பற்றி ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. இருட்டில் நான்கு பேரும் பாடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்தது. புது இசையைப் பல்வலி என்று சொல்லும் என் சக ஊழியர். வெளியே கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் காதில் அந்த ஒலி விழுந்து எழுந்து வந்திருக்கிறார். 16 வருடத்தில் அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளே கால் வைக்கவும் குரல்கள் அடங்கவும் சரியாக இருந்தது. வெள்ளை விளக்கு எரிந்தது. "ஏன் நிறுத்திவிட்டார்கள்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

நீங்கள் அந்த இரவை ஒழுங்கு செய்தால் அன்றைக்கு முறையை மாற்றிக்கொள்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் வெளியே கோட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் உள்ளே நிற்கட்டும். 12 நிமிடமும் பாடுவதாக இருந்தால் மட்டும்.

இப்படிக்கு,
பின்சுவரோடு நிற்பவர்,
பாசல்